வாங்காமல் வந்த குடித்தனக்காரர்கள்

கேள்வி இது: சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறையில் 3 அடிக் கடல்நீர்த் தொட்டி வைத்து ஆறு மாதம் ஆகிறது. இந்தோனேசியாவிலிருந்து வந்த, உயிர்கள் ஒட்டியிருக்கும் கடல்பாறையான லைவ் ராக் 20 கிலோ, இரண்டு கோமாளி மீன், நான்கைந்து பவளம், பாசி மேய 10 நத்தை. வாங்கியது இவ்வளவுதான். இப்போது இரவில் விளக்கை அணைத்ததும் உள்ளேயிருந்து ‘டக், டக்’ என்று சத்தம் வருகிறது. நத்தைகளில் நான்கு போய்விட்டன. ஓடு உடைந்து கிடக்கிறது. ஒரு நாள் டார்ச் அடித்தபோது சாண் நீளத்துக்கு ஒரு சிவந்த புழு பாறைக்குள் இழுத்துக்கொண்டு போனது. பாறை முழுக்கப் பழுப்பாகச் சின்னச் சின்னப் பூக்கள் வேறு முளைக்கின்றன. மனைவி தொட்டிப் பக்கமே வருவதில்லை. பாறையை எல்லாம் எடுத்துப் பெரிய பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பிக்கலாமா?

முதலில் அந்தக் கொதிக்க வைக்கும் யோசனையைக் கைவிடுங்கள். கீழே எழுதியிருக்கும் எதையும் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, அதை மட்டும் செய்யாதீர்கள். புழுவால் உங்கள் குடும்பத்துக்குப் பெரிய கெடுதல் எதுவும் வராது. அடுப்பில் ஏற்றும் அந்தப் பாத்திரத்தால் வரலாம்.

காரணம் பாலிடாக்சின் என்ற நஞ்சு. சட்டைப் பொத்தான் அளவில் கூட்டம் கூட்டமாக வளரும், பவளத்துக்குச் சொந்தமான சோவாந்திட் வகைகள் லைவ் ராக்கில் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றில் சிலவற்றின் உடம்பில் இந்த நஞ்சு இருக்கிறது. 1971-ல் மூர், ஷாயர் என்ற இரு வேதியியலாளர்கள் ஹவாயில் இதைப் பிரித்தெடுத்தார்கள். மாவுயி தீவின் ஹானா பகுதி மக்களுக்கு அந்த உயிரைப் பற்றி அதற்கும் வெகு காலம் முன்பே தெரியும். ‘ஹானாவின் கொல்லும் பாசி’ என்று பேர் வைத்து, ஈட்டி முனையில் தடவியதாகக் கதை சொல்வார்கள். இன்றைக்கும் மனிதன் அறிந்த மிகக் கொடிய நஞ்சுகளின் வரிசையில் இது இருக்கிறது. பாறையைக் கொதிக்க வைத்தாலோ, வெளியே எடுத்துப் பிரஷ் போட்டுத் தேய்த்தாலோ இது நீராவியிலும் திவலையிலும் ஏறி மூச்சோடு உள்ளே போகும். காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல் என்று ஆரம்பிக்கும். 2018-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஒரு வீட்டில் தொட்டிப் பவளத்தை எடுத்துச் சுத்தம் செய்தார்கள்; அந்தக் குடும்பத்தோடு உதவிக்குப் போன தீயணைப்பு வீரர்களும் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. ஆகவே பாறையைத் தொடும்போதெல்லாம் கையுறை, கண்ணாடி. கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்குத் தொட்டியில் கை வைக்கவே வேண்டாம்.

சரி, அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கொதிக்க வைத்தால் உங்கள் தொட்டியே போய்விடும். பாறை என்று நாம் சொல்வது செத்த பவளத்தின் எலும்புக்கூடு. இட்லியைப் பிய்த்தால் தெரியும் துளைகள் போல அதில் ஆயிரக்கணக்கான அறைகள். மேற்பரப்பில் குடியிருக்கும் பாக்டீரியா மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிறது. காற்றில்லாத உள்ளறைகளில் இருப்பவை அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே விடுகின்றன. அழுக்கை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மர், பம்பு எல்லாம் துணைக்குத்தான். வேகவைத்த பாறையைத் திரும்ப வைத்தால், உள்ளே செத்ததெல்லாம் அழுகி, இரண்டே நாளில் கோமாளி மீன்களும் போய்ச் சேரும்.

இனி உங்கள் வீட்டுக்கு வந்திருப்பவர்கள் யார் என்று பார்ப்போம்.

சத்தத்தில் தொடங்கலாம், அதில்தான் எனக்கு ஆசை அதிகம். இரவில் ‘டக்’ என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பேரில் ஒருவர். ஒருவர் பிஸ்டல் இறால், மற்றவர் மாண்டிஸ் இறால். பிஸ்டல் இறாலுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருக்கும். அதைப் படாரென மூடும்போது நீர்த்தாரை ஒன்று மணிக்குக் கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் வேகத்தில் சீறும். அந்த வேகத்தில் நீருக்குள் ஒரு குமிழி உண்டாகிச் சுருங்கி வெடிக்கும். கொடுக்கின் இரு பாதியும் மோதுவதால்தான் சத்தம் என்றே வெகுநாள் எல்லாரும் நினைத்திருந்தார்கள். 2000-ல் மிஷேல் வெர்ஸ்லூயிஸ் குழுவினர் அதிவேகக் கேமராவில் படம் பிடித்து, சத்தம் குமிழி வெடிப்பதிலிருந்து வருகிறது என்று காட்டினார்கள். மறு ஆண்டு, அந்தக் குமிழி வெடிக்கும் கணத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளிப்பொறி வருவதையும் பதிவு செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடியவர்களின் காதை அடைத்ததும் இந்த இறால் கூட்டத்தின் சத்தம்தான். வீட்டுத் தொட்டியில் இது கெட்டவனில்லை. மணலில் வளை தோண்டிக்கொண்டு, முடிந்தால் ஒரு கோபி மீனோடு கூட்டுச் சேர்ந்து வாழும். இறாலுக்குக் கண் மந்தம்; மீன் வாசலில் காவல் நிற்கும், இறால் மண்ணை அள்ளிக் கொட்டும். இறாலின் உணர்கொம்பு எப்போதும் மீனின் மேல் தொட்டபடியே இருக்கும். மீன் வாலை அசைத்தால் இரண்டும் உள்ளே.

ஆனால் உங்கள் நத்தை ஓடுகள் உடைந்து கிடக்கின்றன. அதுதான் தடயம். ஓடு முழுசாக, காலியாகக் கிடந்தால் நத்தை தானாகச் செத்திருக்கலாம், துறவி நண்டு உள்ளே புகுவதற்காகத் தின்றிருக்கலாம். விளிம்பு சில்லுச் சில்லாக உடைந்திருந்தால், அல்லது சுத்தியலால் தட்டியது போல ஓட்டில் ஓட்டை இருந்தால், மாண்டிஸ் இறால் மேல் எனக்குப் பலத்த சந்தேகம். சத்தத்திலும் வித்தியாசம் உண்டு. பிஸ்டல் இறால் ஒரே ஒரு சொடுக்கு, கண்ணாடி விரிசல் விட்டது போல; முதல் தடவை கேட்டவர்கள் தொட்டி உடைந்துவிட்டது என்று எழுந்து ஓடியிருக்கிறார்கள். மாண்டிஸ் அப்படியில்லை. டக், டக், டக் என்று கொல்லன் பட்டறை மாதிரி, ஒரே இடத்திலிருந்து விட்டு விட்டு வரும்.

பேர்தான் இறால், உண்மையில் இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். முன்கால் இரண்டையும் பெருமாள் பூச்சி போல மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். குத்துகிறவை, இடிக்கிறவை என்று இரண்டு வகை. இடிக்கிற வகையில் பெரியதான மயில் மாண்டிஸை 2004-ல் ஷீலா படேக் என்ற ஆய்வாளர் அளந்தார்: அடி விழும் வேகம் நொடிக்கு 23 மீட்டர் வரை. அதுவும் தண்ணீருக்குள். தசை பலத்தால் மட்டும் இது முடியாது. காலின் மேல்பகுதியில் குதிரைச் சேணம் போல வளைந்த ஓர் ஓடு வில்லாக முறுக்கேறி, தாழ் விலகியதும் விடுபடுகிறது. அடி விழுந்த இடத்திலும் குமிழி உண்டாகி வெடிப்பதால் ஒரே அடியில் இரண்டு அடி. நத்தை என்ன செய்யும் பாவம். 1998-ல் இங்கிலாந்தின் கிரேட் யார்மவுத் கடல்வாழ் காட்சியகத்தில் ‘டைசன்’ என்று பேர் வைத்திருந்த மாண்டிஸ் ஒன்று தொட்டிக் கண்ணாடியையே உடைத்தது. நீங்கள் பயப்பட வேண்டாம், பாறையில் ஒளிந்து வருபவை பெரும்பாலும் இரண்டு அங்குலத்துக்குள்தான். கண்ணாடியை உடைக்கும் தெம்பு அவற்றுக்கு இல்லை. விரலைக் கிழிக்கும் தெம்பு உண்டு. ஆங்கிலம் பேசும் ஊர்களில் இதற்குக் ‘கட்டைவிரல் பிளப்பான்’ என்றே பட்டப்பேர்.

எனக்கு முதல் மாண்டிஸ் வந்தபோது மூன்று வாரம் அது இருப்பதையே நான் நம்பவில்லை. பம்பின் விசிறி தட்டுகிறது என்று பம்பைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். அப்புறம் ஒருவர் சொல்லித்தான், டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித் தாளை ரப்பர் பேண்டால் கட்டிக்கொண்டு, விளக்கணைத்து இரண்டு மணி நேரம் கழித்துத் தொட்டி முன்னால் தரையில் உட்கார்ந்தேன். இந்த ஓட்டுயிர்களில் பலவற்றுக்குச் சிவப்பு ஒளி அவ்வளவாக உறைக்காது. பத்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு நான் நூறு முறை பார்த்த ஒரு துளையில், நான் பாறையின் புள்ளி என்று நினைத்திருந்த ஒன்று திரும்பியது. காம்பின் மேல் உட்கார்ந்த கண். நடுவில் ஒரு பட்டை. அது இடப்பக்கம் பார்க்க, இன்னொரு கண் தனியாக மேலே பார்த்தது. அடுத்து இரண்டும் ஒன்றாக என் பக்கம் திரும்பின. தொட்டியில் நான் பார்க்கும் எதுவும் என்னைத் திருப்பிப் பார்க்கிறது என்று அதுவரை எனக்குத் தோன்றியதேயில்லை. இரவு 11 மணிக்குத் தரையில் உட்கார்ந்து ஓர் இறாலிடம் வெட்கப்பட்டேன் என்றால் சிரிப்பீர்கள்.

பிடிப்பது எப்படி? குடிதண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, தலைகீழாக உள்ளே செருகி, ஒரு துண்டு இறால் சதை போட்டுத் துளைக்கு எதிரே வைக்கலாம். சில சமயம் விழும். எனக்கு நான்கு இரவும் துறவி நண்டுதான் விழுந்தது. நிச்சயமான வழி, எந்தத் துளை என்று இரவில் குறித்துக்கொண்டு, பகலில் அந்தப் பாறையை மட்டும் வெளியே எடுத்து, காலி வாளிக்கு மேல் பிடித்து, துளைக்குள் சிரிஞ்சால் சோடா நீரைச் செலுத்துவது. கடையில் விற்கும் சாதா சோடாதான். இனிப்பு, எலுமிச்சை எதுவும் கலக்காதது. கார்பன் டை ஆக்சைடு நிறைந்த அந்த நீர் பட்டதும் குடியிருப்பவர் அலறி அடித்து வெளியே குதிப்பார். வாளியில் விழுந்ததும் கடல்நீரில் மாற்றிவிடுங்கள். பாறையையும் தொட்டி நீரில் ஒரு முறை அலசித் திரும்ப வையுங்கள். மொத்தம் ஐந்து நிமிட வேலை. பிடித்ததைக் கொல்லாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஒரு சின்னத் தொட்டியில் தனியாக வைத்தால் பல வருடம் இருக்கும். உங்களுக்கு வேண்டாம் என்றால் கடைக்காரரிடம் கேளுங்கள், தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது புழு. உங்கள் மனைவியின் பயத்துக்கு மூலகாரணம் இதுதான் போல. சாண் நீளச் சிவந்த புழு என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு முறை பிரிசில் புழு. உடம்பின் இரண்டு பக்கமும் வெள்ளைக் குஞ்சம் வரிசை கட்டி நிற்கும். கம்பளிப்பூச்சியைத் தொட்டது போலத்தான். குஞ்சத்தின் முனை ஒடிந்து தோலில் ஏறிக் கடுக்கும். செல்லோடேப்பை ஒட்டி உரித்தால் பெரும்பாலும் வந்துவிடும். மற்றபடி இது உங்கள் துப்புரவு ஆள். மீன் சாப்பிடாமல் விட்டது, பாறை இடுக்கில் செத்தது, நத்தையின் மிச்சம் என்று எல்லாவற்றையும் இதுதான் முடிக்கிறது. செத்த நத்தையின் மேல் இது ஊர்வதைப் பார்த்துவிட்டு, கொலைகாரன் இவன்தான் என்று பழி போடுவார்கள். பிணத்தின் பக்கத்தில் நின்றவன் மேல் கேஸ் எழுதுவது போல. எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் நீங்கள் தீனி அதிகம் போடுகிறீர்கள் என்று அர்த்தம். தீனியைக் குறையுங்கள், புழுவும் குறையும்.

அந்த மிச்சம் பத்தில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். தலையில் ஐந்து உணர்கொம்பு, பக்கவாட்டில் வெள்ளைக் குஞ்சம் இல்லை, வெளிச்சம் படும்போது உடம்பு மயில்கழுத்து நிறத்தில் மின்னுகிறது என்றால் அது யூனிஸ் இனம். அதிலும் பெரும்பாலானவை சின்னவை, பாசி தின்பவை. வளர்ந்துவிட்டால்தான் வில்லங்கம். 2009-ல் இங்கிலாந்தின் நியூகி ஊரில் புளூ ரீஃப் காட்சியகத்தில் பவளங்கள் பாதியாக நறுக்கினது போலக் கிடந்தன. பொறி வைத்தார்கள், பொறி நாசமானது. கடைசியில் அந்தக் காட்சித் தொட்டியின் பாறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தபோது சுமார் 4 அடி நீளப் புழு ஒன்று வெளிப்பட்டது. இரையைக் கட்டிய மீன்பிடி நரம்பைக் கடித்து அறுத்துவிட்டுத்தான் வந்தது. ‘பாரி’ என்று பேர் வைத்துத் தனித் தொட்டியில் விட்டார்கள். குட்டியாகப் பாறைக்குள் வந்து, யார் கண்ணிலும் படாமல் வளர்ந்திருக்கிறது. அதே ஆண்டு ஜப்பானின் ஷிராஹாமாவில் ஒரு மிதவைக்குள் கிடைத்த யூனிஸின் நீளம் 299 சென்டிமீட்டர், 673 கணுக்கள். இவ்வளவையும் சொல்வது உங்கள் தூக்கத்தைக் கெடுக்க அல்ல. சாண் நீளப் புழுவையும் பாரியையும் ஒரே பட்டியலில் சேர்க்காதீர்கள் என்பதற்காக. ஐந்து கொம்பைக் கண்டால் அது இருக்கும் பாறையையே எடுத்துவிடுங்கள். பாதி உடம்பைப் பிடித்து இழுக்காதீர்கள், அறுந்து முன்பாதி உள்ளே தங்கினால் வாலை வளர்த்துக்கொள்ளும்.

இப்போது அந்தப் பூக்கள். மாண்டிஸைவிட, புழுவைவிட, நான் உங்கள் தொட்டியில் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். பார்க்க அழகாக இருப்பதால் நீங்கள் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நீளத் தண்டு, பழுப்பு நிறம், மெல்லிய விரல்கள், கிட்டே நிழல் பட்டாலே தொட்டாற்சிணுங்கி போல விருட்டென்று உள்ளே போகிறதா? அப்படியானால் ஐப்டேசியா. கடல் சாமந்தி இனம். பக்கத்தில் இருக்கும் பவளத்தைக் கொட்டிக் கொட்டியே பின்வாங்க வைக்கும். இதைச் சுரண்டினால் தொலைந்தீர்கள். அடிப்பாதத்தில் ஒரு துணுக்கு பாறையில் ஒட்டியிருந்தால் போதும், அது முழு சாமந்தியாகும். சும்மா நகரும்போதே துணுக்குகளை விட்டுவிட்டு நகரும். நான் ஆரம்ப நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து டூத் பிரஷ்ஷால் 6 ஐப்டேசியாவைத் தேய்த்து எடுத்தேன். அடுத்த மாதம் எண்ணினேன், 40-ஐத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

செய்ய வேண்டியது: கால்சியம் ஹைட்ராக்சைடைக் கூழாகக் கரைத்து, பம்பை நிறுத்திவிட்டு, சிரிஞ்சால் அதன் வாயிலேயே வைப்பது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் வேதியியலில் இதேதான். அதற்காக வெற்றிலைக் கடையில் வாங்கிப் போடாதீர்கள், அதில் என்ன கலந்திருக்கிறதோ. மீன் கடையில் கால்க்வாஸர் என்று கேட்டால் சுத்தமானது கிடைக்கும். ஒரு நாளைக்கு மூன்று நான்குக்கு மேல் வேண்டாம், நீரின் காரத்தன்மை எகிறிவிடும். பெப்பர்மின்ட் இறால் விட்டால் தின்னும் என்பார்கள். தின்னும் இறாலும் உண்டு, உங்கள் பவளத்தின் தீனியைப் பிடுங்கித் தின்றுவிட்டு ஐப்டேசியா பக்கம் திரும்பாத இறாலும் உண்டு. என் கட்சி பெர்கியா. ஓடில்லாத ஒரு சின்னக் கடல் நத்தை, ஐப்டேசியாவைத் தவிர வேறொன்றும் தின்னாது. முடித்ததும் பசியில் செத்துவிடும் என்பதுதான் மனசுக்குக் கஷ்டம். கடைசி சாமந்தி தீருவதற்கு முன் தேவைப்படும் இன்னொருவருக்குக் கொடுத்துவிடுங்கள். நாம் இப்படி ஒழிக்கப் பாடுபடும் இதே ஐப்டேசியாவை, பவளத்துக்கும் அதன் உடம்பில் வாழும் பாசிக்கும் உள்ள உறவைப் படிக்க, ஆய்வுக்கூடங்களில் பாத்திரம் பாத்திரமாக வளர்க்கிறார்கள். எங்கே வைத்தாலும் வளருகிறதே, அந்தக் குணத்துக்காகத்தான்.

மற்றவர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடியில் வெள்ளைப் புள்ளியாக ஓடுவது கோப்பிபாட், வளைந்த அரிசி போலத் துள்ளுவது ஆம்ஃபிபாட். மீன் தீனி, நல்ல சகுனம். மாண்டரின் மீன் இவற்றை நம்பித்தான் பிழைக்கிறது. பாறை இடுக்கிலிருந்து வெளியே நீண்டு அசையும் நூல் போன்ற கைகள் பிரிட்டில் ஸ்டார், நல்லது. நகத்தளவு வெள்ளை நட்சத்திரம் அஸ்டெரினா, பெரும்பாலும் பாசிதான் தின்னும். ஓடு சின்னதாக, உடம்பு பெரிதாக, பார்க்க ஓடில்லாத அட்டை போல வேகமாக ஓடும் நத்தை ஸ்டொமடெல்லா. தொந்தரவு செய்தால் பல்லி வாலை விடுவது போல உடம்பின் பின்பகுதியைக் கழற்றி விட்டுவிட்டு ஓடும். எட்டுத் தகடு போர்த்திக்கொண்டு பாறையோடு பாறையாக ஒட்டியிருப்பது கைட்டன். அதன் பற்களில் மேக்னடைட் என்ற இரும்புத் தாது பூசியிருக்கும், பாறையைச் சுரண்டித் தின்னும் அளவுக்கு உறுதி. பவளக் கிளைகளுக்கு நடுவே ஒரு சின்ன நண்டைப் பார்த்தால் உடனே இடுக்கியைத் தூக்காதீர்கள். டிரபீசியா என்ற அந்த நண்டு, கடலில் முள்கிரீட நட்சத்திர மீன் பவளத்தைத் தின்ன வரும்போது அதன் கால்களைக் கிள்ளித் துரத்துகிற காவல்காரன். உடம்பெல்லாம் ரோமமும் கொடுக்கு முனை கறுப்புமாக இருந்தால் அது வேறு, வெளியேற்றுங்கள். மீனின் மேல் பெரிய கண்ணோடு ஒட்டிக்கொண்டு, நீரில் அம்பு போல நீந்தும் பேன் மாதிரி ஒன்றைப் பார்த்தால் அது சிரோலானிட். இரத்தம் குடிக்கும், அதற்குத் தயவு கிடையாது.

பாறையில் பச்சையாக ஏதாவது கொடி வந்தால் பிடுங்கி வெயிலில் காய வைத்துக் குப்பையில் போடுங்கள். கடலிலோ கால்வாயிலோ எறிய வேண்டாம். 1984-ல் மொனாக்கோவின் கடல் அருங்காட்சியகத்துக்கு நேர் கீழே கடலில் சுமார் ஒரு சதுர மீட்டர் பரப்பில் கண்டுபிடிக்கப்பட்ட காலெர்ப்பா பாசி, தொட்டியிலிருந்து தப்பிய ரகம், மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் பரவியது. 2000-ல் கலிபோர்னியாவில் ஒரு கழிமுகத்தில் தலைகாட்டியபோது, அதை ஒழித்து முடிக்க 2006 வரை ஆனது.

இதெல்லாம் பெரும்பாலும் புத்தகத்தில் பேர் இருக்கிற உயிர்கள். கடலில் எங்கே வாழ்கிறது என்று தெரிவதற்கு முன்பே, நம்மைப் போலத் தொட்டி வைத்திருந்தவர்கள் கண்டுபிடித்த உயிர்களும் உண்டு. அக்ரோபோரா பவளத்தைத் தின்னும் தட்டைப்புழு அப்படி ஒன்று. பவளத்தின் நிறத்திலேயே இருக்கும். கடித்த இடத்தில் வெள்ளை வட்டங்கள் மட்டும் தெரியும். தொட்டி வைத்திருப்பவர்கள் பல வருடம் இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். 2011-ல்தான் தொட்டியில் பிடித்த புழுவை வைத்து அதற்கு அமகுசப்ளானா அக்ரோபோரே என்று பேர் வைத்தார்கள். ஆஸ்திரேலியப் பெரும் பவளத்திட்டில் அதைப் பார்த்ததே அதற்குப் பிறகுதான்.

அதைவிடப் பழைய கதை ஒன்று, எனக்கு மிகப் பிடித்தது. 1883-ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஃபிரான்ஸ் ஐல்ஹார்ட் ஷூல்ட்சே என்ற விலங்கியலாளர், கடற்கரையே இல்லாத ஊரில் விலங்கியல் கூடத்தில் வைத்திருந்த கடல்நீர்த் தொட்டியின் கண்ணாடியில் ஒரு சாம்பல் புள்ளியைப் பார்த்தார். ஒன்றிரண்டு மில்லிமீட்டர். வெண்மேகத் துணுக்கு போல விளிம்பு மாறிக்கொண்டே நகர்ந்தது. வாய் இல்லை, குடல் இல்லை, நரம்பு இல்லை, முன்பக்கம் பின்பக்கம் இல்லை. பாசியின் மேல் போய்ப் படுத்துக்கொள்ளும். உடம்பின் அடிப்பக்கத்திலிருந்து சாறு சுரந்து, அங்கேயே கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். பெரிதானால் நடுவில் பிய்த்துக்கொண்டு இரண்டாகிவிடும். டிரிகோப்ளாக்ஸ் அட்ஹேரன்ஸ் என்று பேர் வைத்தார். ஒட்டிக்கொள்ளும் ரோமத் தகடு என்று பொருள். 1907-ல் இன்னொருவர், இது தனி விலங்கே இல்லை, ஏதோ ஹைட்ராய்டு என்ற சின்னக் கடலுயிரின் குஞ்சுப் பருவம் என்று எழுதினார். அவர் சொன்னது தவறு. ஆனால் பாடப்புத்தகங்கள் அதை நம்பி, அரை நூற்றாண்டுக்கு மேல் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1960-களின் கடைசியில் கார்ல் கிரெல் மறுபடி எடுத்து ஆராய்ந்தார். 1971-ல் இதற்கென்றே பிளாக்கோசோவா என்று ஒரு தனித் தொகுதியை உருவாக்கினார். முதுகெலும்புள்ளவை எல்லாம் ஒரு தொகுதிக்குள் அடக்கம் என்றால் தொகுதி என்பது எவ்வளவு பெரிய பிரிவு என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்று தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. 2008-ல் இதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, நரம்பே இல்லாத இந்த உடம்பில் நரம்பு மண்டலத்துக்குத் தேவைப்படும் பல மரபணுக்கள் இருந்தன. மொத்தம் சுமார் 11,500 மரபணுக்கள்.

இது உங்கள் தொட்டியிலும் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடிச் சில்லு நான்கைந்தை ஒரு கிளிப்பில் கோத்து, நீரோட்டம் மெதுவாக இருக்கும் மூலையில் தொங்கவிட்டு இரண்டு வாரம் விடுங்கள். பிறகு தொட்டி நீர் ஊற்றிய ஒரு தட்டில் வைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துக் கைலென்ஸால் பாருங்கள். என் தொட்டியில் மூன்றாம் முறைதான் கிடைத்தது. முதலில் தூசு என்று நினைத்தேன். ஒரு பேனாவால் தட்டின் அடியில் அதன் ஓரத்தைக் குறித்துவிட்டுக் காபி குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது தூசு கோட்டைத் தாண்டி இருந்தது. உருவமும் நிலக்கடலையாக இருந்தது, அவரை விதையாக மாறியிருந்தது.

இந்தியாவில் இருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வரி. பவளங்கள் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து பாறை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கம் போகாதீர்கள், புலித்தோல் வாங்குகிற மாதிரிதான். பீங்கான் பாறையும் பாட்டில் பாக்டீரியாவும் போதும்.

இனி உங்களுக்கு, வரிசையாக. இன்றிரவே டார்ச்சோடும் பத்து ரூபாய்ச் சிவப்புக் கண்ணாடித் தாளோடும் உட்காருங்கள், உங்கள் ஊரில் வெள்ளிக் கணக்கில் என்ன விலையோ. மனைவியையும் கூப்பிடுங்கள்; பகலில் பயந்தவர்கள் இரவில் பிரிட்டில் ஸ்டார் கை நீட்டுவதைப் பார்த்துவிட்டு நகர மறுத்ததை இரண்டு வீட்டில் பார்த்திருக்கிறேன். ஐப்டேசியா ஒவ்வொன்றின் இடத்தையும் ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டு நாளையிலிருந்து மூன்று மூன்றாக முடியுங்கள். தீனியைப் பாதியாக்குங்கள். மாண்டிஸ் துளை தெரியும் வரை எந்தப் பாறையையும் அசைக்காதீர்கள், அசைத்தால் வேறு அறைக்கு மாறிவிடும், மறுபடி மூன்று வாரம். உடைந்த நத்தை ஓடுகளைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அவற்றை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து, உடைந்த விளிம்பு தெரியும்படி படம் எடுத்துப் போடுங்கள். சத்தத்தையும் ஒரு நிமிடம் போனில் பதிவு செய்யுங்கள். இரண்டும் கிடைத்தால் சோடா வாங்க வேண்டுமா வேண்டாமா என்று சொல்லிவிடுகிறேன்.